இன்னொருத்தி பாடுவதற்காக

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஜெர்மனியில் அவர் இருந்த ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். டுசல்டோர்ஃப் நகரத்தில் ஒரு சிறிய அறையில், தனியாக இருந்து, தனக்கான ஒலியைக் கண்டுபிடித்தாராம். அந்த அறையில் நானும் இருந்தேன். தனியாக என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது. மனம் ஆறிய பிறகு எழுதுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவர் ஜப்பானியர். கணினியையும் சிந்தசைசரையும் வைத்துப் பொப் பாட்டுகள் செய்தவர். சில ஆண்டுகள் அவருடைய நாட்டின் கடைத்தெருக்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் செய்த பாட்டுத்தான் கேட்டதாம். நான் அவரை முதலில் பார்த்தபோது ஓர் இசைக்கருவிக் கடையின் பின்னறையில் பழுதான கீபோர்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நான் பல் வைத்தியரிடம் உதவியாளராக அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தேன். வார நாட்களில் யாராவது ஒருவரின் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி நிற்பேன். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் கல்யாண வீடுகளிலும், பெட்டைகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீடுகளிலும் சினிமாப் பாட்டுப் பாடுவேன். எங்கள் இசைக்குழுவை நடத்தியவர் ஓர் அண்ணை. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது கோயில் திருவிழாக்களுக்கு வாசித்தவர். இங்கே கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. ஒரு கல்யாணம் நெருங்கிய நேரத்தில் அவருடைய கீபோர்டில் பாதிக் கட்டைகள் சத்தமில்லாமல் போய்விட்டன.

"பிள்ளை, உமக்கு டொச் பாஷை நல்லா வரும்தானே. ஒருக்கா என்னோட கடைக்கு வாரும். உவங்களுக்கு விளங்கப்படுத்த என்னால ஏலாது," என்றார்.

கடையில் எங்களைப் பின்னறைக்கு அனுப்பினார்கள். அங்கே முப்பது வயது மதிக்கத்தக்க, ஒல்லியான ஜப்பானியர் ஒருவர் இருந்தார். கீபோர்டைக் கவிழ்த்து மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து அறுகரிசி கொட்டியது. மணமக்கள் மேல் தூவிய அரிசி, எத்தனை கல்யாணங்களின் அரிசியோ. அவர் ஒரு மணியை விரல் நுனியில் ஒட்டியெடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதற்கு நீங்கள் சாப்பாடு கொடுக்கிறீர்களா?" என்று அண்ணையுடையதைவிட மோசமான ஜெர்மனில் கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார்.

திருத்தி முடித்த பிறகு, கீபோர்டோடு கொண்டுபோயிருந்த எங்கள் மைக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். ஏதாவது பேசு என்று என்னிடம் நீட்டினார். ஒரு வரி பாடினேன். ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் குனிந்திருந்தவர் தலையை நிமிர்த்தினார். இன்னொருமுறை என்றார். பாடினேன். பிறகு என் தொலைபேசி எண்ணைக் கேட்டார்.

தன் பாட்டுகளைப் பாடிப் பதிவுசெய்ய வரச்சொல்லி அவர் அழைத்ததை வீட்டில் சொன்னதும் அம்மா ஒரு கிழமை கதைக்கவில்லை. பிறகு கதைத்தார்.

"ஆர் உவன்? சீனாக்காரனோ?"

"ஜப்பான், அம்மா."

"எல்லாம் ஒண்டுதான். போறதெண்டால் நானும் வாறன்."

முதல் நாள் அம்மாவும் வந்தார். டயர்க் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்த அறை. சுவரெல்லாம் பழைய மெத்தைகள் அடித்திருந்தன. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தார். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் நிற்கும் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் காத்திருப்போம், நின்றதும் நான் பாடுவேன், மறுபடி சத்தம் வரும். மாலையில் அவர் அம்மாவுக்குத் தேநீர் வைத்துக் கொடுத்துத் தலைகுனிந்து வணங்கினார். திரும்பும் வழியில் ட்ராமில் அம்மா சொன்னார்: "மரியாதை தெரிஞ்ச ஆள். ஆனா பாட்டு ஒண்டும் பாட்டு மாதிரி இல்லை. அடுத்தமுறை நீ தனியப் போ."

அவருடைய கதையை அந்த அறையில்தான் துண்டு துண்டாகக் கேட்டேன். இருபது வயதில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறார். நண்பர் முன்னால் நின்று பாடினார், இவர் பின்னால் நின்று கருவிகளை இயக்கினார். தட்டு விற்கவில்லை. கம்பெனி இருவரையும் கைவிட்டது. அதன் பிறகு பேரங்காடிகளில் மீன் பகுதிக்கும் இறைச்சிப் பகுதிக்கும் ஒலிபரப்புகிற சின்னச் சின்ன விளம்பர மெட்டுகள் போட்டிருக்கிறார். இயந்திர இசை பிறந்த நாடு என்று நம்பி, இருந்ததையெல்லாம் விற்று ஜெர்மனிக்கு வந்தார். இங்கே யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. இருட்டான கிளப்புகளில் இறுகிய முகத்தோடு வாசிக்கிறவர்கள் இவருடைய மெட்டுகளைக் கேட்டுவிட்டு, "கிட்ச்" என்றார்கள். சீனிப் பாணி என்று நாங்கள் சொல்வோமே, அந்த அர்த்தம். சிறிய கம்பெனி ஒன்றின் ஆள் இவருடைய தட்டைக் கேட்டுவிட்டு, குழந்தைகளுக்கான பொம்மைக்குள் வைக்கலாம் என்றாராம்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"நன்றி சொன்னேன். அந்த ஜெர்மன் மட்டும்தான் அப்போது தெரியும்."

அவருக்கு என் குரல் வேண்டியிருந்தது, ஆனால் அது இருந்தபடி வேண்டியிருக்கவில்லை. நான் வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் சங்கீதம் படித்தவள். எந்தச் சுரத்தையும் கொஞ்சம் அசைத்துத்தான் விடுவேன். அவர் கணினிக்குப் பின்னால் இருந்து கையை உயர்த்துவார். "அசைக்காதே. நேராகப் பாடு. குழாயிலிருந்து தண்ணீர் வருகிற மாதிரி." மாதக் கணக்கில் அசைவை அடக்கப் பழகினேன். மூச்சு எங்கே எடுப்பது, எந்த எழுத்தை உதட்டோடு விடுவது என்று எல்லாம் புதிதாகப் படித்தேன். பிறகு அவர் அந்தக் குரலை எழுத்து எழுத்தாக வெட்டி, கணினியில் ஒவ்வொன்றையும் சுருதிக்கு இழுத்து, மறுபடி ஒட்டுவார். கேட்டால் மனுஷி பாதி, மின்சாரம் பாதி. எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். கல்யாண மண்டபங்களில் ஆட்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்கள். இந்த மனிதர் நான் விடுகிற மூச்சைக்கூட நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

ஒன்றை மட்டும் என்னால் அடக்க முடியவில்லை. வரி முடிகிற இடத்தில் கடைசிச் சுரம் தன்பாட்டில் கீழே ஒரு வழுக்கு வழுக்கும். எத்தனை தடவை பாடினாலும் வந்தது. ஒரு நாள் அவர் கையை உயர்த்தவில்லை. அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். "இது இருக்கட்டும்," என்றார்.

பாட்டுகளுக்கு வார்த்தைகள் கிடையாது. அவை பிறகு ஜப்பானில் எழுதப்படும். அதுவரைக்கும் ஏதாவது பாடு என்பார். நான் தமிழில் வாய்க்கு வந்ததைப் பாடுவேன். பால் முடிஞ்சுபோச்சு, கறிக்கு உப்புக் காணாது, நாளைக்கு டெர்மின், நாளைக்கு டெர்மின். டெர்மின் என்றால் ஓரிடத்துக்குப் போக முன்கூட்டியே குறித்த நேரம். அவர் அர்த்தம் கேட்டதில்லை. ஓசை நல்லதா என்று மட்டும் பார்ப்பார்.

இப்படி ஒன்றரை ஆண்டு போன பிறகு டோக்கியோவில் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களிடம் ஓர் இளம் பாடகி இருந்தாள். இரண்டு பாட்டு வெளியிட்டு இரண்டும் படுத்துவிட்டன. அவளைக் கைவிடுவதற்கு முன் கடைசியாக ஒரு புது ஆளைப் போட்டுப் பார்க்க நினைத்திருக்கிறார்கள். இவர் நான் பாடிய பதிவுகளை அனுப்பினார். மூன்றாம் நாளே கம்பெனி விமான டிக்கெட் அனுப்பியது. போகும் அன்று டயர்க் கடைக்காரருக்கும் சொல்லாமல் ஓடினார். எனக்கு ரயில் நிலையத்திலிருந்து போன் செய்து, "நாம் ஜெயித்தோம்," என்றார். நாம் என்றுதான் சொன்னார்.

திரும்பி வரும்போது இசைத்தட்டோடு வந்தார். அந்த அறையிலேயே போட்டுக் காட்டினார். பாட்டுத் தொடங்கியது. அந்தப் பெண்ணின் குரல் என்னுடையதைவிட மெல்லியது. ஆனால் நான் மூச்சு எடுத்த இடத்தில் அவளும் எடுத்தாள். நான் உதட்டோடு விட்ட எழுத்தை அவளும் உதட்டோடு விட்டாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்த வழுக்கல் வந்தது. வார்த்தை எழுதியவர்கள் நான் பாடிய ஓசைகளுக்குப் பக்கத்திலேயே போய் ஜப்பானியச் சொற்களைப் பொறுக்கியிருந்தார்கள். பல்லவியில் அவள் காதலனைப் பிரிந்த துயரத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு அடியில் பால் முடிஞ்சுபோச்சு என்று கேட்டது.

"என் பெயர் எங்கே?" என்று கேட்டேன்.

அவருக்கு உண்மையாகவே கேள்வி விளங்கவில்லை. "நீ பாடியது கைட். பாடகிக்கு மெட்டைக் காட்டுவதற்கு. அவள் பாடியதும் அதை அழித்துவிடுவார்கள். கைட்டுக்கு யாரும் பெயர் போடுவதில்லை."

அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவேயில்லை. "அது ட்ராக், பிள்ளை. எங்கட சினிமாவிலையும் உப்பிடித்தான். பெரிய ஆக்கள் வந்து பாட முதல் ஆரோ ஒரு பிள்ளை பாடி வைக்கும். அந்தப் பிள்ளையை ஆருக்குத் தெரியும்?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீர் உதை விட்டிட்டு வாரும். இஞ்ச எங்கட சனமாவது உம்மட முகத்தைப் பாக்குது," என்றார்.

நான் விடவில்லை. காசு விஷயத்தில் அவர் நேர்மையானவர், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் அதற்காக நின்றேன் என்று சொல்ல முடியாது. அடுத்த தட்டில் ஒரு பாட்டாவது என் குரலிலேயே விடுவார் என்று நம்பினேன். அவர் விடுவேன் என்று சொன்னதில்லை. நானே நம்பினேன்.

அந்தப் பாட்டு ஜப்பானில் ஓடு ஓடென்று ஓடியது. அடுத்தடுத்து வந்தவையும் ஓடின. இப்போது அவர் ஆண்டில் பாதி டோக்கியோவில், பாதி இங்கே. மேல்மாடி அறையை விட்டு நதிக்கரையில் பெரிய இடம் பார்த்தார். ஜப்பானியப் பத்திரிகைக்காரர்கள் வந்து அவரைப் படம் எடுத்தார்கள். வரி முடிவில் வருகிற வழுக்கலுக்கு அங்கே அவருடைய பெயரை வைத்தே அழைத்தார்களாம். வேறு தயாரிப்பாளர்கள் அதைக் காப்பியடித்தார்கள். எந்த இயந்திரத்தால் அதைச் செய்தீர்கள் என்று ஒரு பேட்டியில் கேட்டார்களாம். தொழில் ரகசியம் என்றாராம். இதை அவரே எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னார், நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று நினைத்து.

அவர் இல்லாத மாதங்களில் மெட்டை இணையத்தில் அனுப்புவார். நான் வீட்டில் பதிவுசெய்து திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் சத்தம் இல்லாத ஒரே இடம் உடுப்பு அலுமாரி. அம்மாவின் கூறைச் சேலைக்கும் குளிர்கால ஜாக்கெட்டுகளுக்கும் நடுவில் மைக்கைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவேன். வேர்த்து ஒழுகும்.

"உதுக்குள்ள நிண்டு என்னடி கத்துறாய்?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்பார். "வாற மாப்பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுறது, பெட்டை அலுமாரிக்குள்ள நிண்டு ஜப்பான்காரனுக்குப் பாடுறாள் எண்டோ?"

இதற்கிடையில் என் சொந்தப் பாட்டும் கெட்டது. ஒரு கல்யாண வீட்டில் பாடிவிட்டு இறங்கியபோது அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். வருத்தத்தோடுதான் சொன்னார். "சுருதி அந்தமாதிரி இருக்கு. ஒரு பிழை சொல்ல ஏலாது. ஆனா பாட்டில உயிர் இல்லை, பிள்ளை. மெசின் பாடுற மாதிரிக் கிடக்கு." நான் மறுபடி அசைத்துப் பாடப் பார்த்தேன். வரவில்லை. அந்த ஜப்பானியர் என் சங்கீதத்தை மறக்க வைத்துவிட்டு அதற்குப் பதிலாக எனக்கு எதையும் தரவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அதன் பிறகு அண்ணை என்னைக் குறைவாகக் கூப்பிட்டார். ஒரு கட்டத்தில் வேறொரு பிள்ளையைப் பாட வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை தயாரிப்பாளர் டோக்கியோவிலிருந்து வந்தபோது நேரடியாகக் கேட்டேன். நதிக்கரை ஸ்டூடியோவில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம்.

"ஒரு பாட்டு. என் பெயரில். ஜப்பானியத்தில் வேண்டுமென்றாலும் பாடுகிறேன்."

அவர் நீண்ட நேரம் கருவியின் பொத்தான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உன் குரல் நல்ல குரல்," என்றார்.

"பிறகென்ன?"

"ஜப்பானில் இந்தக் குரலைக் கேட்டால் ஆட்கள் மனதில் ஒரு முகம் வரும். சின்ன முகம், வெள்ளை முகம்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "உன் முகம் வராது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். நோயாளிக்கு இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது என்று வைத்தியர் சொல்வதைப்போலச் சொன்னார். நானும் நோயாளியைப்போலத் தலையாட்டிவிட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். ட்ராம் ஜன்னலில் என் முகம் தெரிந்தது. இறங்கும் வரைக்கும் வேறு பக்கம் திரும்பி இருந்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு தட்டுக்குப் பாடினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

அந்த ஆண்டுகளில் ஜெர்மன் பிள்ளைகளுக்கு ஜப்பானியப் பைத்தியம் பிடித்திருந்தது. படக்கதைகளைப் படித்துவிட்டு நீலத் தலைமயிரும் பெரிய சப்பாத்துமாகத் தெருவில் திரிவார்கள். அவர்களை நம்பி அந்தப் பாடகியை இங்கே கொண்டுவந்து கொலோன் நகரத்தில் ஒரு கச்சேரி வைத்தார்கள். அவர் எனக்கும் ஒரு நுழைவுச்சீட்டுக் கொடுத்தார். மண்டபம் நிரம்பியிருந்தது. அவள் மேடைக்கு வந்தாள், சின்ன வெள்ளை முகம், அவர் சொன்னது சரிதான். என் பக்கத்தில் நின்ற ஜெர்மன் பெட்டை ஒருத்தி வரிக்கு வரி கூடவே பாடினாள், ஒவ்வொரு முடிவிலும் வழுக்கினாள். அவள் அதை என் அலுமாரிக்குள்ளிருந்து எடுத்தாள் என்று நான் யாரிடம் சொல்வது?

கச்சேரி முடிந்ததும் உள்ளே வா என்றார். பாடகி ஓர் அறையில் சப்பாத்தைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கால்களை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் ஜெர்மன் தெரிந்த ஒரு ஜப்பானியப் பெண் மொழிபெயர்க்க இருந்தார். தயாரிப்பாளரைக் கதவுக்கு வெளியே யாரோ கூப்பிட, அவர் போனார். நான் பாடகியிடம் எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு ஜப்பானிய வார்த்தைகளில் வணக்கம் சொன்னேன், நன்றாகப் பாடினாய் என்றேன்.

அவள் கால்களைக் கீழே இறக்கினாள். என்னையே பார்த்தாள். பிறகு விறுவிறென்று ஏதோ கேட்டாள்.

மொழிபெயர்ப்பாளர், "நீங்கள் பாடுகிறவரா என்று கேட்கிறாள்," என்றார்.

"கைட் பாடுகிறேன். இவளுடைய பாட்டுகளுக்கு."

அது போய்ச் சேர்ந்ததும் பாடகியின் முகம் வெளுத்தது. நின்ற நிலையில் அவளுக்காக நான் பாடிய முதல் பாட்டின் ஒரு வரியை முணுமுணுத்துக் காட்டினேன். அவள் எழுந்து நின்று மெதுவாகச் சொன்ன வாக்கியத்தை மொழிபெயர்க்க அந்தப் பெண் தயங்கினார். "சொல்லுங்கள்," என்றேன்.

"நான் உங்களைப் பல வருடமாக வெறுக்கிறேன், என்கிறாள்."

சொன்னவள் அதோடு என்னைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிந்தேன்.

அவள் பேசப் பேச அந்தப் பெண் மொழிபெயர்த்தார். பதிவின்போது என் குரலை அவளுடைய ஒரு காதுக்குள் விடுவார்களாம். அவள் ஒரு வரி பாடுவாள். தயாரிப்பாளர் நிறுத்துவார். உன்னைப்போல வேண்டாம், இதைப்போலப் பாடு என்பார். விடிகிற வரைக்கும் இப்படிப் போகுமாம். யார் பாடியது என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"ஆள் இல்லை, அது மென்பொருள் என்று சொன்னாராம்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "இவள் இதுவரைக்கும் ஓர் இயந்திரத்தைப்போலப் பாடத்தான் முயற்சி செய்தாளாம். இயந்திரத்துக்குக் களைப்பு வராது, தனக்கு வருகிறதே என்று அழுவாளாம். இப்போது அவளுக்குத் தான் முன்னே எப்படிப் பாடினாள் என்பதே ஞாபகம் இல்லையாம்."

பாடகி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பேசும்போது பார்த்தேன், முன்பற்களின் ஓரம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. தூக்கத்தில் பல் நெருமுகிறவர்களுக்கு அப்படி இருக்கும். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும்.

நான் வெளியே போனேன். அவர் நடைபாதையில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தேன். அதுவரைக்கும் நான் அவரைத் தொட்டதேயில்லை.

"மென்பொருள் என்று சொன்னீர்களா?"

அவர் மறுக்கவில்லை. "ஆள் என்று சொல்லியிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள். உன்னைவிடத் தான் நன்றாகப் பாடுகிறவள் என்று காட்டப் பார்த்திருப்பாள். இயந்திரத்தோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை."

"அவளை அவளுடைய குரலில் பாட விட்டிருக்கலாமே."

"அவளுடைய குரலை யாரும் வாங்கவில்லை. இரண்டு தடவை பார்த்தார்கள்."

"என்னுடையதையும்தான் நீங்கள் விற்கவில்லை."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். யாரோ அவரைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போய் நின்று சிரித்தார். அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் அனுப்பிய மெட்டுகளுக்கு நான் பாடவில்லை. இரண்டு மூன்று முறை கேட்டார், பிறகு விட்டுவிட்டார். நான் நின்றால் அவருடைய பாட்டு நின்றுவிடும் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன். நிற்கவில்லை. அடுத்த தட்டு குறித்த நேரத்தில் வந்தது. நான் பாடிய ஒவ்வோர் எழுத்தையும் அவர் அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார். அவற்றை வெட்டி ஒட்டிப் புதுப் பாட்டுகளுக்குக் கைட் செய்துகொண்டார். நான் ஒருநாளும் பாடாத மெட்டுகளில் என் மூச்சு இருந்தது. பிறகு எழுத்தைத் தட்டினால் பாடுகிற மென்பொருள் நிஜமாகவே கடைக்கு வந்தது. அவர் பாடகியிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. அதோடு என் குரலின் துண்டுகள்கூட அவருக்குத் தேவையில்லாமல் போயின.

அவரும் நீண்ட காலம் நிற்கவில்லை. அந்த மென்பொருளை வைத்து, பள்ளிக்கூடம் போகிற வயதுப் பெடியள் வீட்டிலிருந்தே அவருடைய ஒலியைச் செய்து இணையத்தில் போடத் தொடங்கினார்கள். அவர்கள் அவரைவிட வேகமாகச் செய்தார்கள், சிலர் அவரைவிட நன்றாகவும் செய்தார்கள். பாடகி ஒரு நாள் மேடையிலிருந்து இறங்கிப் போனவள் திரும்பி வரவில்லை. திருமணம் செய்துகொண்டு பாட்டையே விட்டுவிட்டாள் என்று படித்தேன். கம்பெனி அவருடைய இடத்தில் இளையவர் ஒருவரைக் கொண்டுவந்தது. பேட்டிகளில் இவரைப் பெரியவர் என்று மரியாதையாகக் குறிப்பிட்டார்கள். அந்தத் தொழிலில் அப்படிச் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

நான் இதையெல்லாம் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நாள் நன்றாகவே சந்தோஷப்பட்டேன். பிறகு அதுவும் சப்பென்று ஆகிவிட்டது. அவர் விழுந்ததால் எனக்கு எதுவும் திரும்பி வரவில்லை.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில் ஒரு காலை, பல் வைத்தியரிடத்தில் நான் வேலையில் நின்றபோது, டெர்மின் இல்லாமல் வலியோடு ஒருவர் வந்திருக்கிறார் என்று வரவேற்பிலிருந்து சொன்னார்கள். அறைக்குள் கூட்டிவந்தபோது அவர். தலைமயிர் பாதி நரைத்திருந்தது. கன்னம் வீங்கியிருந்தது. நான் முகமூடி போட்டிருந்தேன், ஆனால் "வாருங்கள், இருங்கள்" என்று சொன்னதுமே அவர் திரும்பிப் பார்த்தார். என் குரலை அவர் எப்படி மறப்பார்?

வைத்தியர் வருவதற்கு முன் சில நிமிடங்கள் இருந்தன.

"எப்போது திரும்பி வந்தீர்கள்?"

"போன வருடம். இங்கே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறேன்." கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார். "சமையலறை இயந்திரங்கள் செய்கிற கம்பெனி. பாத்திரம் கழுவி முடிந்ததும் ஒரு சத்தம் வருமே. அதைச் செய்கிறேன்."

"நல்ல வேலை," என்றேன். நான் கிண்டலாகச் சொன்னேனா, உண்மையாகச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

"நான்கு சுரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் ஆட்களுக்கு எரிச்சல் வருமாம்."

பிறகு, "நீ பாடுகிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஏன்?"

நான் தட்டில் ஊசியை எடுத்து வைத்தேன். வைத்தியர் உள்ளே வந்தார். நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்கடைவாய்ப் பல், வேர்வரைக்கும் அழுகியிருந்தது, பிடுங்க வேண்டியிருந்தது. வேலை நடக்கும்போது அவருடைய கண்கள் என்மேலேயே இருந்தன. பல் கழன்று வந்ததும் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னேன். வைத்தியர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அவர் எழுந்து ஜாக்கெட்டைப் போட்டார். கதவடியில் நின்று ஏதோ சொன்னார். வாய் விறைத்திருந்தது, பஞ்சும் இருந்தது, ஜெர்மனா ஜப்பானியமா என்றுகூடத் தெரியவில்லை. மன்னிப்பாக இருக்கலாம். நன்றியாக இருக்கலாம். கழிப்பறை எந்தப் பக்கம் என்றும் இருக்கலாம். திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் பஞ்சை எடுத்துவிட்டுச் சொல்லியிருப்பார்.

நான் கேட்கவில்லை. "விறைப்புப் போகும் வரைக்கும் எதுவும் சாப்பிட வேண்டாம்," என்று எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடப் போனேன்.